முளைப்பாரி வளர்த்தவள்

வைகாசி 3, ஞாயிறு

ஆறு வருஷமாக நின்றுபோயிருந்த மாரியம்மன் பொங்கலை இந்த வருஷம் நடத்துவது என்று இன்றைக்குத் தெருக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. கரகம் முதலில் யார் வீட்டு வாசலில் நிற்பது என்று மேல வரிசைக்கும் கீழ வரிசைக்கும் வந்த சண்டையில்தான் அம்மனை ஆறு வருஷம் பட்டினி போட்டார்கள். எங்கள் ஆட்கள் தண்ணீருக்குச் சண்டை போட்டால் மறுநாளே பேசிக்கொள்வார்கள். சாமிக்குச் சண்டை போட்டால் மட்டும் விடவே மாட்டார்கள். இப்போது தலைவர் அங்குராசு அண்ணன், கரகம் தெரு நடுவில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிற்கட்டும், யார் வாசலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த யோசனை ஆறு வருஷமாக ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை.

முளைப்பாரி யார் வளர்ப்பது என்று பேச்சு வந்ததும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. உள்ளுக்குள் எனக்குக் குளுகுளு என்றிருந்தது. வெளியே, "ஏன், எனக்கு வேற சோலி இல்லையா?" என்றேன்.

"பள்ளிக்கூடந்தான் லீவாச்சே மதினி" என்றாள் எதிர்வீட்டுச் செல்வராணி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் நான். கோடை லீவில் எனக்குச் சோலி இல்லை என்பது ஊருக்கே தெரியும். மேலே பிகு பண்ணினால் வேறு யாரையாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து சரி என்றுவிட்டேன்.

வீட்டுக்கு ஒரு சட்டி. அதில் எருவும் மண்ணும் போட்டுப் பயறு விதைத்து, வெயில் படாத பூட்டிய அறையில் வைத்து வளர்க்க வேண்டும். விரதம் இருக்கும் ஒருத்தி மட்டும்தான் உள்ளே போகலாம். யார் வீட்டு முளை எப்படி வளர்கிறதோ, அந்த வீட்டு வேண்டுதல் அப்படிப் பலிக்கும் என்பது நம்பிக்கை. செல்வராணி தன் மகள் கல்யாணத்துக்காக வைக்கிறாள். தெருவின் ஆசை மொத்தமும் எட்டு நாளைக்கு என் கையில்.

ஒரே உறுத்தல், அய்யா. என் அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். எட்டயபுரத்தில் நெஞ்சுச்சளியோடு படுத்த படுக்கையாக இருக்கிறார். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை தெரு எல்லையைத் தாண்டக் கூடாது. நாளைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும்.

வைகாசி 4, திங்கள்

எட்டயபுரம் போய் வந்தேன். அய்யா பாதியாகிவிட்டார். கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. குறும்பு மட்டும் குறையவில்லை. "மதுரையில அம்மனுக்கு வேற ஆளே கிடைக்கலையாக்கும், உன்னப் போயிப் பிடிச்சிருக்கா" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, நானும் கூடப்பிறந்த அண்ணன் மாடசாமியும் முதுகைத் தடவிவிட்டோம்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்த நிலைமையில கெடக்காரு. எட்டு நாளைக்கு எட்டிப் பாக்க மாட்டேன்னு கயிறு கட்டிக்கிடப் போறியா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அய்யா கையை ஆட்டினார். "போயிட்டு வரட்டும், தெருவே கூப்பிடுது. நான் எங்கயும் ஓடிரப் போறதில்ல."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போறப்ப நீ வந்து வாய்க்கரிசி போடணும் தாயி. உங்க அண்ணன் கைய ஒழுங்காக் கழுவ மாட்டான்" என்றார். நான் திட்டினேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கோவில்பட்டி வரை அழுதேன்.

வைகாசி 5, செவ்வாய்

இன்று காப்பு. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்து அங்குராசு அண்ணன் என் வலது மணிக்கட்டில் கட்டினார். கட்டிக்கொண்டே எங்கள் தெருச் சட்டதிட்டங்களைச் சொன்னார். எண்ணெய் கூடாது, தாளிப்புக் கூடாது, கட்டிலில் படுக்கக் கூடாது. "முக்கியமா ஒண்ணு தாயி. கட்டு இருக்கிறவ காதுல சொந்தத்துச் சாவு விழக் கூடாது. விழுந்துச்சுன்னா தீட்டு. கட்டு போச்சு. உன் கை பட்ட முளை அத்தனையையும் ஆத்துல கொட்ட வேண்டியதுதான்."

"காதுல விழாட்டி?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"காதுல விழுந்தாத்தான தீட்டு" என்றார் அண்ணன்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் இவரை, என் வீட்டுக்காரர் தவசியை, உட்கார வைத்தேன். செல்வராணியும் இருந்தாள். "ரெண்டு பேரும் கேட்டுக்கிருங்க. அய்யாவுக்கு ஒண்ணுன்னா அந்த நிமிசமே எனக்குச் சொல்லணும். நான் கயித்த அவுத்து வச்சிட்டுப் போயிருவேன். அம்மன் கோவிச்சா அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன்.

"சொல்லாம எங்க போறேன்" என்றார் இவர்.

"நான் ஓடி வந்து சொல்றேன் மதினி" என்றாள் செல்வராணி. அவள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். அதன்பிறகுதான் பயறை விதைத்தேன்.

வைகாசி 6, புதன்

தண்ணீர் தெளித்தேன், சாம்பிராணி போட்டேன். மண் மண்ணாகவே இருக்கிறது.

வைகாசி 7, வியாழன்

முளை விட்டுவிட்டது! காலையில் கதவைத் திறந்து உள்ளே போனால் எல்லாச் சட்டியிலும் மண் வெடித்து வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. தட்டப்பயறு முந்திக்கொண்டது. மொச்சை சோம்பேறி. வெளியே வந்து நான் ஒரு குலவை போட்டதும், தெரு முழுக்க வீட்டுக்கு வீடு குலவை கேட்டது. மேல வரிசை நாச்சியாரக்கா ஆறு வருஷமாக என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். இன்று ஓடி வந்து, "எங்க சட்டி முளைச்சிருச்சா பேச்சி?" என்று கேட்டாள். அவள் வாயில் என் பேரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அய்யாவிடம் போனில் சொன்னேன். "மொச்சைக்குக் கொஞ்சம் வெந்நி தெளி" என்றார். படுக்கையில் கிடந்தும் அதிகாரம் குறையவில்லை.

வைகாசி 8, வெள்ளி

இன்று சாயங்காலம் மாதிரி ஒரு சாயங்காலம் இனி வருமா தெரியவில்லை.

முளைப்பாரி அறை வாசலில் கும்மி. மேல வரிசை, கீழ வரிசை பேதமில்லாமல் எல்லாப் பெண்களும் ஒரே வட்டம். ஆறு வருஷமாக யாரும் பாடாததால் பாட்டுப் பாதி மறந்துவிட்டது. ஒருத்தி ஒரு அடி எடுத்துக் கொடுக்க, இன்னொருத்தி அடுத்ததைக் கண்டுபிடிக்க, தெரியாத இடத்தில் தன்னானே போட்டு ஒப்பேற்றினோம். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள்கூட அரை மணி நேரத்தில் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆண்கள் எல்லோருக்கும் பானகம் கொடுத்தார்கள். இவர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். என் மகள் ஜோதி, வீட்டில் ஒரு தம்ளரை நகர்த்தி வைக்காதவள், வட்டத்தில் குனிந்து நிமிர்ந்து அடித்த கும்மியைப் பார்த்து எனக்குக் கண் பட்டுவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த நாளில் இது என்ன ஊரோ என்று அழுதவள் நான். இன்றைக்கு இதுதான் என் ஊர், இவர்கள்தான் என் ஜனம் என்று தோன்றியது.

நடுவில் அய்யாவைக் கூப்பிட்டு, போனை வட்டத்துப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். பாட்டு முடிந்ததும் காதில் வைத்துப் பார்த்தால் மூச்சு இரைக்கிறது. "கேட்டுச்சாய்யா?" என்றேன்.

"இன்னொரு சுத்து அடிங்க" என்றார்.

அடித்தோம்.

வைகாசி 9, சனி

காலையில் முளைப்பாரி அறையிலிருந்து வெளியே வந்தால் என் போன் தண்ணீர் வாளிக்குள் கிடக்கிறது. ஜோதி கைதவறிப் போட்டுவிட்டாளாம். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் பெண் அதற்குள் கண் சிவக்க நிற்கிறது. போனுக்காகவா இப்படி அழுவார்கள்? போகட்டும் என்று விட்டுவிட்டேன். இவர் ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

அன்னதானச் சாமான் வாங்க விருதுநகர் போகிறோம் என்று இவர் வேனை எடுத்தார். அங்குராசு அண்ணன், செல்வராணி, மேல வரிசையில் பாதிப் பேர் ஏறிவிட்டார்கள். ஜோதியும் போகிறேன் என்றாள். துவரம்பருப்பு வாங்க இத்தனை பேரா என்று கேட்டேன். "மூட்டை தூக்க வேணாமா?" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமலே. காப்புக் கட்டிய நானும் வயசானவர்களும்தான் தெருவில் மிஞ்சினோம். பகல் முழுக்கத் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

இருட்டும் நேரத்துக்குத் திரும்பினார்கள். வந்த எல்லோரும் தெருமுனைக் குழாயடியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடுதான் தெருவுக்குள் வந்தார்கள். முளைப்பாரி வளர்கிற தெரு, சுத்தமாக வர வேண்டும் என்று அண்ணன் உத்தரவாம். நல்ல ஒழுங்குதான். சாமான் நாளைக்கு லாரியில் வருமாம்.

அய்யாவுக்குப் போன் பண்ணினீர்களா என்று இவரிடம் கேட்டேன். "பண்ணுனேன். இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாராம்" என்றார். கஞ்சியிலிருந்து இட்லிக்கு வந்துவிட்டார்! அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள்.

வைகாசி 10, ஞாயிறு

என்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள். நாச்சியாரக்கா இளநீர் கொண்டுவந்தாள். செல்வராணி என் துணியைத் துவைத்துப் போட்டாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. முளைப்பாரி வளர்க்கிறவளுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது.

கும்மி நடுவில் செல்வராணி அழுதுவிட்டாள். அம்மன் இறங்கிவிட்டாள் என்று யாரோ விபூதி பூசினார்கள். அருள் வந்தவள் மாதிரி எனக்குத் தெரியவில்லை. மகள் கல்யாண நினைப்பாக இருக்கும். அப்புறம் அவளிடம் போன் கேட்டேன், அய்யாவோடு ஒரு வார்த்தை பேச. பேலன்ஸ் இல்லை என்றாள். இன்னொருவரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். தண்ணீர் தெளிக்கிற நேரமாகிவிட்டது, உள்ளே போய்விட்டேன்.

இவர் சொன்னார், அய்யா இன்று முகச்சவரம் பண்ணிக்கொண்டாராம்.

ஜோதி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தலைவலி என்கிறாள்.

வைகாசி 11, திங்கள்

முழங்கை உயரம்! ஒரு சட்டிகூடச் சோடையில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி வளர்ந்ததே கிடையாது என்கிறார் அண்ணன். செல்வராணி சட்டிதான் எல்லாவற்றிலும் உசரம். நாளைக்குக் கோவில்பட்டியிலிருந்து அவள் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். முளைப்பாரியைப் பார்த்துவிட்டுத்தான் தட்டு மாற்றுவார்களாம்.

அய்யாவோடு பேசியே ஆக வேண்டும் என்று இவரைப் பிடித்துக்கொண்டேன். அங்கே சிக்னல் இல்லை, அண்ணன் மாடசாமி வயல் பக்கம் போயிருக்கிறார் என்றார். பிறகு அவராகவே, "மாமா சொல்லச் சொன்னாரு, முளைய நல்லா வளத்துட்டு நிதானமா வரட்டும்னு" என்றார்.

அய்யா அப்படிச் சொல்லக்கூடியவர்தான்.

வைகாசி 12, செவ்வாய்

பொங்கல்.

என்ன எழுதுவது. தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

காலையில் தெரு நடுவே வரிசையாகப் பொங்கல் பானை. அம்மன் மேல வரிசையா கீழ வரிசையா என்று ஒரு வாய் கேட்கவில்லை. கரகம் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றபோது, ஆறு வருஷம் முன்னால் சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நின்றார்கள். சாயங்காலம் நான் அறைக் கதவைத் திறந்துவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் அத்தனை முளையும் பொன் நிறத்தில் நின்றதைப் பார்த்துத் தெருவே குலவை இட்டது. ஒவ்வொரு சட்டியாக எடுத்து ஒவ்வொரு தலையிலும் நானே வைத்தேன். வாங்கிய பெண்கள் எல்லோரும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், என்னைவிட மூத்தவர்கள்கூட. அழுதுகொண்டே கும்பிட்டார்கள். எல்லாம் பக்தி.

மேளத்துக்கு முன்னால் அண்ணன் ஆடினார். அறுபது வயசில் அப்படி ஒரு ஆட்டம்! மாடியிலிருந்து பிள்ளைகள் பூ கொட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் செல்வராணி தலையில் இருந்த முளையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த வீட்டுலதான் பொண்ணு எடுக்குறோம்" என்று சபையில் சொல்லிவிட்டாள். செல்வராணி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. "என்ன மன்னிச்சிருங்க மதினி" என்றாள். எதுக்குடி என்று கேட்பதற்குள் மேளம் தூக்கிவிட்டது.

நாளைக்கு வைகையில் கரைத்துவிட்டால் காப்பு அவிழ்ந்துவிடும். நேரே எட்டயபுரம். அய்யாவுக்குப் பொங்கல் எடுத்து வைத்திருக்கிறேன்.

வைகாசி 13, புதன்

சனிக்கிழமை காலையிலேயே அய்யா போய்விட்டார்.

வைகையில் தண்ணீர் கிடக்கிற இடமாகத் தேடிப்போய் முளைப்பாரியைக் கரைத்தோம். அங்குராசு அண்ணன் என் கையைப் பிடித்துக் காப்பை அறுத்தார். அதை ஆற்றில் விட்டதும் எல்லோரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாட வேண்டும். யாரும் ஊற்றவில்லை. குடத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன்தான் சொன்னார். "தாயி, மனசத் தேத்திக்க. உங்க அய்யா..."

நான் கத்தவில்லை. என்றைக்கு என்று கேட்டேன். சனிக்கிழமை காலையில் என்றார்.

வேன் விருதுநகர் போகவில்லை. நான் உள்ளே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது என் போனுக்கு அண்ணன் மாடசாமி பேசியிருக்கிறார். இவர் எடுத்திருக்கிறார். பிறகு போனை வாளியில் போட்டு, ஜோதியைச் சொல்ல வைத்திருக்கிறார். தெருப் பேரில் பெரிய மாலை வாங்கிக்கொண்டு வேன் நிறையப் போய், அய்யாவுக்கு மரியாதை செய்துவிட்டு, திரும்பிக் குழாயடியில் குளித்துவிட்டு என்னோடு கும்மிக்கு நின்றிருக்கிறார்கள். செல்வராணி அய்யா காலைத் தொட்டுக் கும்பிட்டாளாம். ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்னிடம்!

என் தெருவே என் அய்யா முகத்தைப் பார்த்திருக்கிறது. நான் மட்டும் பார்க்கவில்லை.

"சொன்னா நீ போயிருப்ப பேச்சி" என்றார் இவர்.

"போறதுக்குத்தான் சொல்லச் சொன்னேன்" என்றேன். 

செத்தவருக்கு இட்லி கொடுத்திருக்கிறார். சவரம் பண்ணியிருக்கிறார். எனக்குச் செய்தி சொல்ல வைத்திருக்கிறார். எரித்த சாம்பலை அள்ளின பிறகும் என் அய்யாவை இவர் பேச வைத்தார், நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு முளைக்குத் தண்ணீர் ஊற்றினேன். இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்.

வைகாசி 14, வியாழன்

எட்டயபுரம் வாசலில் அம்மா என்னை "வாங்க" என்றாள். பெற்ற மகளை. தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அழுது முடித்த பிறகு அண்ணன் மாடசாமி சொன்னார். "மத்தியானம் வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சுக் காத்திருந்தோம். மாப்பிள்ளைதான் வந்து, அவ காப்பக் கழட்ட மாட்டேன்னுட்டா, முளைப்பாரி விட்டுட்டு வரமாட்டாளாம்னு சொன்னாரு. நான் நம்பல. உன் போனு ஆஃப்ல கெடந்துச்சு. உங்க அங்குராசும் அதையே சொன்னாரு. உன் எதிர்வீட்டுப் பொம்பளையும் தலைய ஆட்டுச்சு. அப்புறந்தான் எடுத்தோம்."

 மறைத்தது மட்டும் இல்லை. என் தலையில் போட்டிருக்கிறார்கள்.

"எனக்குத் தெரியவே தெரியாதுண்ணே. நேத்து வரைக்கும் தெரியாது" என்றேன். உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "ஒரு ஆளு பொய் சொல்லும். ஒரு தெருவேவா பொய் சொல்லும்?"

கூட வந்த இவரைத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைகாசி 15, வெள்ளி

மதுரைக்குத் திரும்பிவிட்டோம். இவரோடு பேசவில்லை. ஜோதி காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா சொன்னார், எல்லோரும் சொன்னார்கள் என்கிறாள். பதினாறு வயசுப் பிள்ளை, ஒரு தெருவை எதிர்த்து என்ன செய்யும். அவளை மட்டும் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன்.

வைகாசி 17, ஞாயிறு

துக்க வீடு என்று மூன்று நாளாக அடுப்பு மூட்டவிடவில்லை. வேளைக்கு ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. எனக்குப் பிடித்தது எது என்று இவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இந்தப் பாசம் பொய்யில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். பொய்ப் பாசமாக இருந்தால் காறித் துப்பிவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

இன்று அங்குராசு அண்ணன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "தப்புதான் தாயி. ஆறு வருசம் கழிச்சு ஒண்ணு கூடுன தெரு. பாதியில முளையக் கொட்டுனா அபசகுனம்னு திரும்பவும் ரெண்டாப் போயிருவோமேன்னு பயந்துட்டோம். என்ன செய்யணும் சொல்லு" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு செய்ங்க. பதினாறாம் நாள் விசேசத்துக்கு வந்து, எங்க அம்மாகிட்ட உண்மையச் சொல்லுங்க. பேச்சிக்குத் தெரியாது, நாங்கதான் மறைச்சோம்னு" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவர்தான் முதலில் சரி என்றார். பிறகு அண்ணன். செல்வராணி என் கையைப் பிடித்து, "நானே சொல்றேன் மதினி" என்றாள்.

நம்பினேன். வேறு என்ன செய்ய?

வைகாசி 24, ஞாயிறு

வேன் நிறைய வந்தார்கள். எட்டயபுரத்துக்காரர்கள் அசந்துபோனார்கள். மதுரைத் தெருவே வந்து பந்தல் கட்டுவதும் காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் பார்த்து, "பேச்சிக்குக் குடுத்து வச்சிருக்கு, எப்பேர்ப்பட்ட சனம்" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படையல் முடிந்து அம்மா முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அங்குராசு அண்ணன் தொண்டையைச் செருமினார். "ஆத்தா, அன்னைக்கு நடந்ததப் பத்தி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அவர் பார்வை போன பக்கம் பார்த்தேன். கோவில்பட்டி சம்பந்தியம்மாள், செல்வராணி மகளுக்குத் தட்டு மாற்றியவள், மரியாதைக்காக விசேஷத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த முளையைப் பார்த்துத்தானே பெண் எடுத்தாள். காதில் விழுந்தால் தீட்டு என்பது எங்கள் தெருச் சட்டம், அவளுக்குத் தெரியாது; ஆனால் சாவை மறைத்து, பெற்ற மகளை ஏமாற்றி வளர்த்த முளை என்று தெரிந்தால்?

அம்மா நேராகச் செல்வராணியிடம் கேட்டாள். "நீ சொல்லு தாயி. நீ இவளுக்குக் கூடப் பொறந்தவ மாதிரிம்பா. அய்யா போனது இவளுக்கு அன்னைக்குத் தெரியுமா தெரியாதா?"

செல்வராணி சம்பந்தியம்மாளைப் பார்த்தாள். தன் மகளைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"தெரியும்மா" என்றாள். "பாவம், கட்டுப்பட்டவ. அவளால வர முடியல. ஏசாதீங்க."

முற்றத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. இவர் திறக்கவில்லை. மேல வரிசையிலும் கீழ வரிசையிலும் ஒருத்தரும் திறக்கவில்லை. ஜோதி, "அம்மாச்சி, அது வந்து..." என்று முன்னால் வந்தாள். இவர் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

எனக்கு அந்த நேரத்தில் செல்வராணி முடியைப் பிடித்து இழுத்து நடு முற்றத்தில் போட வேண்டும் போலிருந்தது. கத்தினால்தான் யார் நம்புவார்கள்? நான் ஒருத்தி. அவர்கள் ஒரு தெரு.

அம்மா எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். பதினைந்து நாளில் கிழவியாகிவிட்டாள். "எதுக்குடி இன்னும் பொய் சொல்ற? செஞ்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. பெத்த வயிறு, ஆறிரும். நீ இல்லேன்னு சாதிக்கிறியே, அதுதான் எனக்குத் தாங்கல. அவரையும் குடுத்துட்டேன். உன்னையும் வெறுத்துட்டு நான் எப்படி இருப்பேன்?" என்றாள்.

 சாப்பிடுகிறாளா இல்லையா என்றே தெரியவில்லை, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

"ஆமாம்மா" என்றேன். "எனக்குத் தெரியும். நான்தான் வரமாட்டேன்னு சொன்னேன்."

அம்மா என்னை ஒரு அறை அறைந்தாள். அப்படியே இழுத்து மார்பில் கட்டிக்கொண்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். "போகட்டும்டி, போகட்டும்" என்று முதுகைத் தடவினாள். அய்யா போனதிலிருந்து இன்றுதான் நான் சத்தம் போட்டு அழுதேன். நான் செய்யாததை அம்மா மன்னித்துவிட்டாள். எனக்கு அம்மா வேண்டும், வாங்கிக்கொண்டேன்.

எங்கள் தெருக்காரர்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அங்குராசு அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தார். உண்மையான கண்ணீர்தான்.

பந்தி போட்டாயிற்று என்று அண்ணன் மாடசாமி வந்து சொன்னார். அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டு, "எந்திரி. அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க. நம்ம கையால பரிமாறணும்" என்றாள்.

சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையாக எல்லோருக்கும் ஊற்றினேன். இவர் இலைக்கு ஊற்றினேன். நாச்சியாரக்கா, "அருமையா இருக்கு பேச்சி" என்றாள். செல்வராணி இலைக்கு முன்னால் வந்து நின்றபோது அவள் நிமிரவே இல்லை. போதுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். அடுத்த இலைக்குப் போனேன்.